பயன்பாட்டுக் கணித விரிவுரையாளர் வேலை: யாருக்குப் பயன்?

கேள்வி, 2025 ஜூன் 3

பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் விரிவுரையாளர்களாக இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு தொழிற்சாலையின் வாசலைக்கூட மிதித்தவர்கள் அல்லர். ஆண்டுதோறும் லாப்லாஸ் மாற்றம் என்ற அதே பழைய கணித முறையை நடத்துகிறார்கள். யாரும் படிக்காத கட்டுரைகளை எழுதிப் பதவி உயர்வு பெறுகிறார்கள். என் தங்கை எம்.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறாள், இந்த வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். வேண்டாம் என்று தடுப்பது சரிதானே?

பதில், 2025 ஜூன் 3, இரவு

தொழிற்சாலை வாசலை நான் 24 ஆண்டுகளில் இரண்டு முறை மிதித்திருக்கிறேன். இரண்டாவது முறை போனது முதல் முறை மறந்துவிட்டு வந்த குடையை எடுப்பதற்காக. ஆகவே உங்கள் குற்றச்சாட்டின் முதல் வரியை மறுக்க எனக்குத் தகுதி இல்லை. மற்றதை நாளை எழுதுகிறேன்.

2025 ஜூன் 4

நான் 2001இல் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். அந்தக் காலத்து ஊதிய விகிதமான 8000-275-13500 (தொடக்கம், ஆண்டு உயர்வு, உச்சம்) என்பது எங்கள் தலைமுறைக்கு வாய்ப்பாடு போல மனப்பாடம். ஆனால் நியமன ஆணையில் அச்சாகியிருந்த அந்த எண்ணுக்கும் மாதக் கடைசியில் கைக்கு வந்த தொகைக்கும் இடையே இருந்த தூரத்தை எந்தச் சமன்பாட்டாலும் விளக்க முடியாது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி அலுவலக இரும்புப் பெட்டியில் ஒப்படைத்துவிட்டுத்தான் சேர வேண்டியிருந்தது. கோடை விடுமுறையில் கையேடுகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய்ப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைப் பிடித்து வரவேண்டும். கணிதத் துறைக்கு ஒதுக்கப்பட்ட வட்டாரத்தில் பேருந்தே இரண்டுதான். ஏழு ஆண்டுகள் அங்கே இருந்து, முனைவர் பட்டத்தைப் பகுதிநேரத்தில் முடித்து, பிறகுதான் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன்.

கல்லூரிகளின் நிரந்தரப் பணியில் 'விரிவுரையாளர்' என்ற பதவிப் பெயரே இப்போது வழக்கில் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு ஆறாவது ஊதியத் திருத்தத்தோடு அதை 'உதவிப் பேராசிரியர்' என்று மாற்றிவிட்டது. ஏழாவது திருத்தத்தின்படி தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். இணைப் பேராசிரியராகும்போது 1,31,400. இடையில் இருக்கும் படிகளைத் தாண்டுவதற்கு முனைவர் பட்டம் உள்ளவருக்கு நான்கு, ஐந்து, மூன்று என்று மொத்தம் பன்னிரண்டு ஆண்டுகளாவது ஆகும். இது நிரந்தரப் பணியில் இருப்பவர்களின் கணக்கு. கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு உச்சமாக 50,000 என்று மானியக் குழு 2019இல் வழிகாட்டியது; அந்த உச்சத்தைத் தொட்ட ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. தங்கையைத் தடுக்க உங்களுக்கு ஒரு காரணம் வேண்டுமென்றால் அதை இங்கே தேடுங்கள், லாப்லாஸிடம் தேடாதீர்கள்.

2025 ஜூன் 5

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு என்பதைச் சொல்லாமல் விட்டதற்குக் கோபித்துக்கொண்டார். விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. சுயநிதிக் கல்லூரியில் நான் 22 மணி நேரம் வரை எடுத்திருக்கிறேன்; அதில் நான்கு மணி நேரம், மூன்றாம் பருவக் கணிதத்தில் அரியர் வைத்திருப்பவர்களுக்காக மாலையில் நடந்த சிறப்பு வகுப்பு. எம்-த்ரீ அரியர் என்பது பொறியியல் கல்லூரிகளில் ஒரு தனி இனக்குழு. நான்காம் ஆண்டு வரை அதைச் சுமந்து திரிந்தவர்களுள் ஒருவரைப் பற்றிப் பின்னால் எழுத வேண்டியிருக்கும்.

2025 ஜூன் 8

இன்று ஞாயிற்றுக்கிழமை, கட்டுரைகளைப் பற்றிய உங்கள் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். மற்ற எதையும்விட என்னை அதிகமாக உறுத்துவது அதுதான்.

நம் ஊரில் பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டம் என்றால் பாதிப் பேருக்குப் பாய்ம இயக்கவியல்தான், அதாவது நீர், காற்று போன்றவை ஓடும் விதத்தைப் பற்றிய கணக்கு. அதிலும் விரியும் தகட்டின் மேல் ஓடும் எல்லை அடுக்கு, அதாவது பரப்பை ஒட்டிப் பாய்மத்தின் வேகம் மாறும் மெல்லிய அடுக்கு. 1970இல் கிரேன் என்பவர், தொடங்கும் இடத்திலிருந்து உள்ள தூரத்துக்கு ஏற்ற வேகத்தில் இழுபடும் ஒரு தகட்டுக்கு அருகே பாய்மம் எப்படி நகரும் என்ற கேள்விக்கு ஒரே வரியில் அடங்கும் துல்லியமான விடையைக் கண்டார். அதன் மேல் காந்தப் புலத்தைச் சேர்க்கலாம்; தகட்டைத் துளையுள்ளதாக்கலாம்; வெப்பக் கதிர்வீச்சு, வேதிவினை, நானோ துகள் என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகலாம். சாம்பாரில் காயை மாற்றுவது போன்றதுதான் இது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கட்டுரை. முன்னுரையின் முதல் பத்தி மட்டும் மாறுவதில்லை: பாலிமர் தகடு தயாரித்தல், கண்ணாடி இழை இழுத்தல், தாள் உற்பத்தி, உலோகக் கம்பி இழுத்தல் ஆகியவற்றில் இந்த ஆய்வு பயன்படும் என்று அது உறுதி கூறும். இந்தப் பத்தியை நான் 31 கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். எந்தக் கம்பி ஆலையிலிருந்தும் எனக்குத் தொலைபேசி வந்ததில்லை.

ஏன் எழுதினோம் என்றால், 2010இல் மானியக் குழு கொண்டுவந்த மதிப்பெண் முறையில் பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணத் தொடங்கினார்கள். 2018 விதிகளின்படி ஒரு கட்டுரையை இரண்டு பேர் சேர்ந்து எழுதினால் ஒவ்வொருவருக்கும் 70 விழுக்காடு மதிப்பெண். இருவரையும் கூட்டினால் 140 விழுக்காடு வருகிறதே என்று கணிதத் துறையில் ஒருவர்கூட எழுந்து கேட்கவில்லை. எல்லோரும் உடனே ஒரு கூட்டாளியைத் தேடிக்கொண்டோம்.

இதற்குமேல் ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். 2013இல் ஒரு மாணவரோடு சேர்ந்து திரவ உலோகத்துக்கான கட்டுரை ஒன்றை வெளியிட்டேன். இந்தச் சமன்பாடுகளில் ஓர் எல்லை நிபந்தனை தகட்டிலிருந்து முடிவிலாத் தூரத்தில், முடிவிலியில், இருக்கும். கணினிக்கு முடிவிலி தெரியாது என்பதால் அங்கே ஓர் எண்ணைக் கொடுக்க வேண்டும். துறையில் வழிவழியாக 6 என்று கொடுப்பார்கள். நாங்களும் 6 கொடுத்தோம். ஆனால் திரவ உலோகங்களில் வெப்பம் மிக வேகமாகப் பரவும். வேகம் பரவுவதை வெப்பம் பரவுவதோடு ஒப்பிடும் பிராண்டிட்ல் எண் 0.02 என்ற அளவுக்குச் சிறியது என்பதால் வெப்ப எல்லை அடுக்கு 6இல் முடியாமல் நூறு, இருநூறு வரை நீளும். எங்கள் வெப்பநிலை வரைபடம் வளைந்து தணிந்து அச்சைத் தொடுவதற்குப் பதிலாக, அளவுகோல் வைத்து இழுத்த நேர்கோடு போல வந்து அச்சில் முட்டி நின்றது. அதை நான் பார்த்தேன், மாணவர் பார்த்தார், மதிப்பீட்டாளர்கள் இருவர் பார்த்தார்கள். மதிப்பீட்டாளர் ஒருவர் வரைபடத்தின் எழுத்தளவைப் பெரிதாக்கச் சொன்னார், பெரிதாக்கினோம்.

சென்ற ஆண்டு வகுப்பில் அதே கணக்கைக் காந்தப் புலம் இல்லாத எளிய வடிவில் கையால் போட்டுக் காட்டும்போதுதான் பிடிபட்டது. தகட்டின் பரப்பில் வெப்பநிலைச் சரிவு 0.0196 என்று வர வேண்டும். முடிவிலியை 6இல் வெட்டினால் 0.174 வருகிறது. ஏறக்குறைய ஒன்பது மடங்கு.

2025 ஜூன் 8, இரவு

காலையில் எழுத விட்டுப்போனது: இத்தகைய கணிப்பு நிரல் எதையும் முதலில், தட்டையான தகட்டின் மேல் ஓடும் பாய்மத்துக்குப் பிளாசியஸ் என்பவர் போட்ட கணக்கில் வரும் 0.332 என்ற எண்ணோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது வழக்கம். நாங்களும் சரிபார்த்தோம், ஏறக்குறையப் பொருந்தியது. பொருந்தியதால்தான் நம்பினோம். அந்தக் கணக்கில் வெப்பமே கிடையாது, வேகம் மட்டும்தான். அதற்கு 6 ஏறக்குறையப் போதும்.

2025 ஜூன் 9

தன் பாடநூலில் 0.4696 என்றிருக்கிறதே, 0.332 தவறல்லவா என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். இரண்டும் சரிதான். சமன்பாட்டில் ½ என்ற கெழுவை வைத்து எழுதினால் 0.332, வைக்காமல் அளவுமாற்றம் செய்து எழுதினால் 0.4696. பின்னதை 2இன் வர்க்கமூலத்தால் வகுத்துப் பாருங்கள். வாய்மொழித் தேர்வில் இதே கேள்வியை ஒருவர் என்னிடம் கேட்டபோது எனக்கு விடை தெரியவில்லை. அச்சுப்பிழையாக இருக்கலாம் என்று சொல்லித் தப்பித்தேன்.

2025 ஜூன் 12

அரியர் வைத்திருந்தவர் கதை.

2016இல் ஒரு நாள் இரவு பத்து மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து அழைப்பு. "சார், நான் மெக்கானிக்கல் பி செக்ஷன், எம்-த்ரீயை ஏழாவது செமஸ்டரில்தான் பாஸ் பண்ணினேன், ஞாபகம் இருக்கா?" முகம் நினைவுக்கு வரவில்லை, ஏழாவது பருவம் மட்டும் வந்தது. அவர் ஓர் எஃகு வார்ப்பாலையில் பொறியாளராக இருந்தார். ஒரு வால்வு உடலின் தடித்த பகுதியில் திரும்பத் திரும்பச் சுருக்கக் குழி விழுகிறது, வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார். "நீங்க ஹீட் ஈக்வேஷன் நடத்தும்போது உறையிறதைப் பத்தி ஏதோ சொன்னீங்களே சார்."

ஏதோ சொன்னது உண்மைதான். ஸ்டெஃபானின் நகரும் எல்லைக் கணக்கைப் பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு பத்து நிமிடம் தொட்டிருப்பேன்: உறைந்த அடுக்கின் தடிமன் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும், ஆகவே இரு மடங்கு தடிமன் உறைய நான்கு மடங்கு நேரம் ஆகும். பன்னிரண்டு ஆண்டுகளாக அதைச் சொல்லிவந்தவனுக்கு, வார்ப்பாலைகளில் அதே கருத்து சுவோரினோவ் விதி என்ற பெயரில் 1940 முதல் புழக்கத்தில் இருக்கிறது என்பது அன்றிரவுவரை தெரியாது. வார்ப்பின் கனஅளவை அதன் பரப்பளவால் வகுத்து, வந்ததை வர்க்கப்படுத்தினால், உறையும் நேரம் அதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். 10 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தையும் 2 செ.மீ. தடிமனுள்ள அகன்ற தகட்டையும் எடுத்துக்கொண்டால், முதலாவதுக்கு 1.67, இரண்டாவதுக்கு 1; வர்க்கப்படுத்தினால் கனசதுரம் 2.8 மடங்கு தாமதமாக உறையும். கடைசியாக உறையும் இடம் சுருங்கும்போது அதற்கு உருகிய உலோகம் ஊட்டிக்கொண்டிருக்க ஒரு சேமிப்பு வேண்டும். அதை ரைசர் என்கிறார்கள். ரைசர் வார்ப்பைவிடத் தாமதமாக உறைய வேண்டும்.

மறுவாரம் போனேன். மணல் அச்சுகளுக்கு நடுவே, சூட்டில் மூக்குக்கண்ணாடி நழுவ, ஒரு மரப்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் கணக்குப் போட்டேன். மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். நான் கனஅளவைப் பரப்பளவால் வகுப்பதைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ரைசர் விட்டம் பத்தாதுன்னு சொல்றீங்க, அவ்வளவுதானே?" என்றார். ஆம், அவ்வளவுதான். விட்டத்தைக் கூட்டினார்கள், குழி போய்விட்டது. 24 ஆண்டுகளில் என் கணிதம் ஒரு பொருளின் வடிவத்தை மாற்றியது அந்த ஒரு முறைதான். அதை எந்தப் பதவி உயர்வுப் படிவத்திலும் எழுத இடம் இல்லை. உங்கள் தங்கையிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

2025 ஜூன் 13

'மேஸ்திரி ஏற்கெனவே அறிந்திருந்ததைத்தானே நீங்கள் சொன்னீர்கள், பின் எதற்குக் கணிதம்' என்று கேள்வி கேட்டவரே மீண்டும் எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை ஒரு வார்ப்பைக்கூட வீணாக்காமல் சொல்ல முடிந்தது என்று பதில் எழுதத் தொடங்கினேன். ஆனால் எத்தனை வார்ப்புகள் வீணாயின என்று நான் விசாரிக்கவே இல்லை என்பது எழுதும்போதுதான் உறைத்தது. அந்த மாணவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

2025 ஜூன் 17

இடையில் பிளாசியஸைப் பற்றி ஒரு சேதி. இதையும் விரிவுரையாளர் வேலையைப் பற்றியதாகவே வாசிக்கலாம்.

1904 ஆகஸ்டில் ஹைடல்பெர்க்கில் நடந்த உலகக் கணித மாநாட்டில் லுட்விக் பிராண்டிட்ல் பத்து நிமிடம் பேசினார். எல்லை அடுக்கு என்ற கருத்து அந்தப் பத்து நிமிடத்தில் பிறந்தது. அவருக்கு அப்போது 29 வயது. அவரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஹைன்ரிஷ் பிளாசியஸ், தட்டையான தகட்டுக்கான கணக்கைத் தொடரால் தீர்த்து 1908இல் வெளியிட்டார். மேலே நாம் சண்டை போட்ட 0.332 அதிலிருந்து வருவது. 1913இல் வழுவழுப்பான குழாயில் கொந்தளித்து ஓடும் நீரின் உராய்வுக்கு ஒரு வாய்பாடு கொடுத்தார்: 0.316ஐ, ஓட்டத்தின் வேகத்தையும் குழாயின் விட்டத்தையும் நீரின் பிசுக்கையும் சேர்த்துச் சொல்லும் ரெனால்ட்ஸ் எண்ணின் நான்காம் மூலத்தால் வகுக்க வேண்டும். பம்பும் குழாயும் கணக்கிடுபவர்கள் இன்றும் அதை எடுத்துக்கொள்கிறார்கள். இவையெல்லாம் ஏறக்குறைய ஆறு ஆண்டுகளுக்குள் முடிந்துவிட்ட வேலை. 1912இல் அவர் ஹாம்பர்க்கில் ஒரு பொறியியல் பள்ளிக்கு ஆசிரியராகப் போனார், ஆராய்ச்சியை விட்டுவிட்டார், 1950 வரை அங்கேயே பாடம் நடத்தினார். 1970இல் இறந்தார். கிரேன் தகட்டை இழுத்ததும் அதே ஆண்டில்தான்.

நான் எழுதிய 41 கட்டுரைகளும், நாடெங்கும் என்னைப் போன்றவர்கள் எழுதியவையும், 38 ஆண்டுகள் வெறும் பாடம் நடத்திய ஒருவரின் இளமைக்கால எண்ணைக் கொண்டுதான் தம்மைச் சரிபார்த்துக்கொள்கின்றன. இன்றைய விதிகளின் கீழ் அவர் 1912க்குப் பிறகு ஒரு படிகூட ஏறியிருக்க மாட்டார். பொறியியல் மாணவர்களுக்கு லாப்லாஸ் மாற்றம் நடத்துவதை நீங்கள் குறையாகச் சொன்னபோது நான் முதல் நாள் மறுக்காமல் விட்டுவிட்டேனே, இப்போது மறுக்கிறேன். லாப்லாஸ் மாற்றம் மோசமான பாடம் இல்லை. பகுதிப் பின்னமாக்குவதை மட்டும் சோதிக்கும் நம் வினாத்தாள் மோசமானது.

2025 ஜூன் 22

மாணவரிடம் பேசினேன். ஒன்பது ஆண்டுகளாக நான் ஒவ்வொரு புத்தாக்கப் பயிற்சியிலும் சொல்லிவரும் கதை பாதிதான் உண்மை.

ரைசரின் விட்டத்தைக் கூட்டியபின் வந்த முதல் வார்ப்பில் குழி நின்றுவிடவில்லையாம். நான் அங்கிருந்து கிளம்பும்போது பார்த்தது வெளிப்பரப்பை மட்டும். மறுநாள் அறுத்துப் பார்த்தபோது குழி அதே தடித்த பகுதியில், சற்று மேலே தள்ளி, அப்படியே இருந்திருக்கிறது. காரணம் ரைசரையும் வார்ப்பையும் இணைக்கும் கழுத்து. ரைசர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இடையில் இருக்கும் குறுகிய கழுத்து முதலில் உறைந்துவிட்டால் உலோகம் இறங்காது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்து குழாய் அடைத்துக்கொண்ட வீடு போல. வார்ப்பு முதலில், கழுத்து அடுத்து, ரைசர் கடைசியில் என்று உறைவதற்கு வரிசை உண்டு. நான் இரண்டைக் கணக்கிட்டேன், மூன்றாவதை விட்டுவிட்டேன். கழுத்தை அகலமாக்கியது மேஸ்திரி. எத்தனை வார்ப்பு வீணானது என்று கேட்டேன். "உங்க கணக்குப்படி ஊத்தினதுல மூணு சார்" என்றார். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீங்க அவ்வளவு தூரம் வந்திருந்தீங்க" என்றார்.

முடிவிலியை 6இல் வெட்டியதற்கும் கழுத்தை மறந்ததற்கும் பெரிய வேறுபாடு ஒன்றும் இல்லை. இரண்டிலும் சமன்பாடு சரி, அது எங்கே முடிகிறது என்பதை நான் பார்க்கவில்லை. ஒரே வேறுபாடு, வார்ப்பை மறுநாளே அறுத்துப் பார்த்தார்கள். கட்டுரையை அறுத்துப் பார்க்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின, அதுவும் தற்செயலாக.

2025 ஜூன் 24

தங்கையைப் பற்றிய கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று நினைவூட்டியிருக்கிறார்கள். தடுக்காதீர்கள். ஆனால் அவரிடம் நேரடியாகச் சில செய்திகளைச் சொல்லிவிடுங்கள்.

கணிதத்துக்கு மானியக் குழுவின் நெட் தேர்வு (தேசியத் தகுதித் தேர்வு) கிடையாது, அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகமான சி.எஸ்.ஐ.ஆரின் நெட் எழுத வேண்டும். மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். அதில் 95 மதிப்பெண் 'சி' பகுதியில் இருக்கிறது: 60 கேள்விகளில் 20க்கு மட்டும் விடை அளித்தால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4.75, சரியான விடைகள் ஒன்றுக்கு மேல் இருக்கலாம், அத்தனையையும் குறித்தால்தான் மதிப்பெண், ஆனால் தவறினால் கழிப்பதில்லை. சாதாரண வகைக்கெழுச் சமன்பாடு, பகுதி வகைக்கெழுச் சமன்பாடு, எண்சார் பகுப்பாய்வு, மாறுபாட்டு நுண்கணிதம், தொகையீட்டுச் சமன்பாடு, இயக்கவியல் என்று பயன்பாட்டுக் கணிதம் முழுவதும் மூன்றாம் அலகில் வருகிறது; இயற்கணிதத்தைக் கண்டு அஞ்சுபவர்கள் இந்த அலகை நம்பித் தேறியதைக் கண்டிருக்கிறேன். 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியராவதற்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் குறைந்தபட்சத் தகுதி, முனைவர் பட்டம் விருப்பத்துக்குரியது என்று விதி திருத்தப்பட்டது. நடைமுறையில், நேர்முகத் தேர்வுக்கு வருபவர்களில் முனைவர் பட்டம் இல்லாதவரைத் தேட வேண்டியிருக்கிறது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம். கடைசியாக வெளியான ஒன்றை எடுத்து, வரைபடக் கோடுகள் அச்சை எப்படித் தொடுகின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். இதை நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

2025 ஜூலை 2

2013 கட்டுரைக்குப் பிழைதிருத்தம் எழுதி, இணையாசிரியரின் ஒப்புதலோடு அனுப்பினேன். அவர் இப்போது வங்கியில் இருக்கிறார். ஒப்புதலோடு சேர்த்து, இதனால் வேலைக்குச் சிக்கல் வருமா என்றும் கேட்டிருந்தார். ஆய்விதழின் மின்னஞ்சல் முகவரி செயல்படவில்லை என்று மடல் திரும்பிவிட்டது. இணையத்தளத்தைத் தேடினால் அந்தப் பெயரில் மெத்தை விற்கிறார்கள். எங்கள் கட்டுரையை இதுவரை 14 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. அவற்றை எழுதியவர்களுக்குத் தனித்தனியாக எழுத வேண்டும் என்று பட்டியல் எடுத்தேன். அவற்றுள் மூன்று நானே எழுதியவை.

கோயம்புத்தூர் மாணவர் நேற்றுப் பார்சலில் ஒரு பொருள் அனுப்பியிருந்தார். வீணான மூன்று வார்ப்புகளில் ஒன்றின் தடித்த பகுதியை நெடுக அறுத்து, ஒரு முகத்தை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறார்; நடுவே, கழுத்துக்குக் கீழே, சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கருங்குழி, அதைச் சுற்றி ஊசி குத்தியது போல நுண்துளைகள். ஒன்பது ஆண்டுகளாக மேஸ்திரி அதைத் தன் மேசையில் தாள் பறக்காமல் இருக்க வைத்திருந்தாராம். இம்மாதம் அவர் ஓய்வு பெறுகிறார். எடை நாலரைக் கிலோ. அடுத்த வாரம் மூன்றாம் பருவ வகுப்பில் வெப்பச் சமன்பாடு தொடங்குகிறது. அறுபத்தைந்து பேர் கைமாறிப் பார்த்துத் திரும்ப என் மேசைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியவில்லை, ஒரு வகுப்பை அதற்கு ஒதுக்கியிருக்கிறேன்.